கால் அங்குலத்தின் வரலாறு

ஒரு துணியோடு மற்றொரு துணியை இணைத்துத் தைக்கும்போது, தையல் விழும் கோட்டிற்கும் துணியின் விளிம்பிற்கும் இடையே சிறிதளவு துணி எஞ்சி நிற்கும். அதனைத் தையல் ஓரம் என்பர். முன்புறமாகப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் தையற்காரர் அந்த ஓரத்தைச் சற்றுத் தாராளமாகவே விட்டு வைப்பார். பிள்ளை வளர்ந்தால் தையலைப் பிரித்து விரித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஆயின், நூற்றுக்கணக்கான துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை செய்பவர்க்கு அத்தாராளம் பயன்படுவதில்லை. கட்டிலுக்கு உடல் பெருப்பதுமில்லை, இளைப்பதுமில்லை.

ஆங்கிலேயர் 'குவில்ட்' என வழங்கும் போர்வை பெரும்பாலும் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே ஒரு துணி, இடையே பஞ்சு, அடியில் மற்றொரு துணி. இம்மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குவர். மேல்துணியை முழுத்துணியாக இடாமல், சதுரம், முக்கோணம், அறுகோணம் எனச் சிறு துண்டுகளாக வெட்டி இணைத்து அமைப்பது துண்டுத்துணித் தையல் எனப்படும். இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சாகும் துண்டுத்துணித் தையல் நூல்களைப் புரட்டிப் பார்த்தால், தையல் ஓரம் கால் அங்குலம் இருத்தல் வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எல்லாவற்றிலும் காணப்படும். கால் அங்குலமாவது 6.35 மில்லிமீட்டர். அதில் ஒரு நூலிழை கூடினும் குறையினும் போர்வை கோணிப்போகும் என்று அந்நூல்கள் எச்சரிக்கின்றன.

இவ்விதி தொன்றுதொட்டு வந்தது போலத் தோன்றினும் உண்மை அதுவன்று. நெடுங்காலம் தையல் ஓரம் வெறும் மிச்சத் துணியாகவே இருந்தது. அது போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தனரே அன்றி, சரியான அளவில் இருக்கிறதா என்று எவரும் அளந்து பார்த்திலர். மிச்சமாக இருந்த ஓரம் எவ்வாறு அளவுகோலாக மாறிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இங்கிலாந்தில் எஞ்சியுள்ள துண்டுத்துணிப் போர்வைகளுள் மிகப் பழையதெனப் பொதுவாகச் சொல்லப்படுவது, கம்பிரியா வட்டாரத்து லெவன்ஸ் மாளிகையில் உள்ளது. அதன் காலம் ஏறத்தாழ 1708 என்பர். அது இந்தியச் சீட்டித் துணிகளால் ஆனது. அக்காலத்தில் கையால் வண்ணம் தீட்டிய சீட்டிக்குப் புகழ்பெற்ற இடங்களுள் சோழமண்டலக் கரையும் ஒன்றாகும். கம்பெனிக் கப்பல்களில் ஏறிச் சென்ற அத்துணி, இலண்டன் மாநகரத்துப் பெண்டிரின் மனத்தைக் கவர்ந்தது. உள்நாட்டு நெசவாளரோ வயிற்றில் அடிபட்டனர். அவர்கள் எழுப்பிய கூக்குரலின் விளைவாக 1700ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணியின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. இத்தடை 1774இல்தான் நீங்கிற்று. விலைமிக்க துணி, அதிலும் கிடைத்தற்கரிய துணி என்றால், அதன் துண்டுகளைக்கூட எவரும் எறியத் துணியார் அல்லரா? தையல் ஓரத்தைச் சிக்கனமாக விடும் பழக்கத்திற்கு இத்தகைய அருமையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

ஆண்டு பொறிக்கப்பெற்ற போர்வை வேறொன்று உண்டு. பிரித்தானியத் தீவுகளின் குவில்ட் கலைஞர் சங்கத்தின் உடைமையாக இன்று விளங்கும் அப்பட்டுப் போர்வையில் 1718 என்ற ஆண்டும் இரண்டு முதலெழுத்துகளும் தைக்கப்பட்டுள்ளன. அதனைச் செய்தவர் கையாண்டது காகித முறையாகும். இம்முறையைச் சற்று விரிவாக அறிதல் நலம்.

முடிந்தபின் துண்டு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவிற்குக் காகிதத்தை முதலில் வெட்டிக்கொள்வர். துணியை அதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுவர். காகிதத்தைத் துணியின்மேல் வைத்து, சுற்றிலும் நீண்டு நிற்கும் ஓரத்தைக் காகிதத்தின் மீது மடித்து, தற்காலிகமாக நூலோட்டி நிறுத்துவர். இவ்வாறு ஆயத்தம் செய்த இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் பொருந்த வைத்து, மடிப்பு விளிம்புகளை மட்டும் ஊசியால் கவ்விச் சிறுசிறு தையல்களாகச் சுற்றித் தைப்பர். ஊசி காகிதத்தைத் துளைத்தல் ஆகாது. ஒரு துண்டைச் சுற்றியுள்ள எல்லாத் துண்டுகளும் இணைந்த பின்னர், நூலோட்டத்தைப் பிரித்துக் காகிதத்தை உருவி எடுத்துவிடலாம். சிலர் எடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

இம்முறையில் சரியளவு முழுவதும் காகிதத்தில் அடங்கியுள்ளது. மடிந்த ஓரம் ஓரிடத்தில் அரை அங்குலமாகவும் மற்றோரிடத்தில் அதில் பாதியாகவும் இருக்கலாம். அதனால் முன்புறத்து வடிவம் சிறிதும் கெடாது. அக்காலத்துப் போர்வைகளைப் பின்புறமாகத் திருப்பிப் பார்த்தவர்கள், முன்புறத்தில் கணக்குப் பிசகாத வடிவங்களையும் பின்புறத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத ஓரங்களையும் கண்டு வியந்ததுண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. அளவிட வேண்டிய பொருள் ஓரமன்று, காகிதம்.

1718ஆம் ஆண்டுப் போர்வையின் உள்ளே காகிதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. பொதுவாக இம்முறையில் தைத்தவர்கள் கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் வெட்டினர். பழைய கடிதம், கடைக் கணக்கு, செய்தித்தாள், பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் ஆகிய அனைத்தும் அறுகோணமாகவும் சாய்சதுரமாகவும் மாறின. இதனால் வரலாற்று மாணவர்க்கு எதிர்பாராத ஊதியம் கிட்டிற்று. காகிதத்தில் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருப்பின், போர்வை அந்த ஆண்டிற்கு முற்பட்டதாக இருக்க முடியாது என உறுதி கூறலாம். எவ்வளவு பிற்பட்டது என்று மட்டும் அதைக்கொண்டு கூற இயலாது. பாட்டியின் பெட்டியில் கிடந்த கடிதத்தைப் பேத்தி வெட்டியிருக்கலாம். ஒரே சான்றைக் கொண்டு மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒருங்கே வரையறுக்க முற்படும் அவசரம், போர்வை ஆய்வில் மட்டும் காணப்படும் குறை அன்று.

காகிதமும் மேசையும் ஓய்வும் உள்ளவர்க்கு அம்முறை பொருந்தும். அவை இல்லாதவர் என் செய்தனர்? 1841ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் 'ராஜா' என்னும் பெயருடைய கப்பல் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ஊலிச் துறையிலிருந்து புறப்பட்டது. அது சேர வேண்டிய இடம், இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவின் ஹோபார்ட் துறைமுகம். சிறைச் சீர்திருத்தத்திற்காக உழைத்த எலிசபெத் ஃபிரை அம்மையாரும் அவர்தம் மாதர் சங்கத்தினரும் இத்தகைய கப்பல்களில் செல்லும் பெண்களுக்கு ஊசி, நூல், விரலுறை, கத்தரி, இவற்றோடு இரண்டு பவுண்டு எடையுள்ள துண்டுத் துணிகள் ஆகியவற்றைக் கொடுத்து அனுப்பினர். சோம்பியிருந்து மனம் கெடாமல் இருக்கவும், கரையிறங்கிய பின் கைத்தொழில் ஒன்று துணையாகவும் அவர்கள் செய்த ஏற்பாடு அது.

கப்பல் ஜூலை 19ஆம் நாள் கரை சேர்ந்தது. 105 நாள் பயணத்தில் உருவாயிற்று ஒரு பெரும் போர்வை. அதில் 2,815 துண்டுகள் உள்ளன. அகலம் 325 செண்டிமீட்டர், நீளம் 337 செண்டிமீட்டர். நடுவே வெண்துணியின் மீது பறவைகளும் மலர்களும் சீட்டியிலிருந்து வெட்டிப் பதிக்கப்பட்டுள்ளன. அதனைச் சுற்றிப் பன்னிரண்டு பட்டைகள், சட்டத்திற்குள் சட்டமாக அமைந்துள்ளன. மாதர் சங்கத்தினர்க்கு நன்றி கூறும் வாசகமொன்றும் பட்டு நூலால் பொறிக்கப்பட்டுள்ளது. தைத்தவர்களின் பெயர்களோ அதில் இல்லை.

சட்டத்திற்குள் சட்டம் என்னும் இவ்வமைப்பின் தொல்லையைத் தைத்துப் பார்த்தவரே அறிவர். உள்ளிருக்கும் பகுதியின் ஒரு பக்க நீளம் எவ்வளவோ, அவ்வளவே அடுத்த பட்டையின் நீளமும் இருத்தல் வேண்டும். ஒரு பட்டையில் சிறு பிழை நேர்ந்தால் அடுத்த பட்டை அதனை வாங்கிக்கொள்ளும். அதற்கடுத்தது தன் பிழையையும் சேர்த்துக்கொள்ளும். பன்னிரண்டாம் பட்டையில் பிழை பெருகி நிற்கும். ஆடும் கப்பலில், பயிற்சி ஒத்திராத பல கைகள் தைத்த பட்டைகள் இவை. எங்கேனும் நீளம் மிஞ்சியிருந்தால் தையலைச் சற்று உள்தள்ளியும், குறைந்திருந்தால் வெளித்தள்ளியும் சரிசெய்யும் வசதி கைத்தையலுக்கு உண்டு. ஓரம் அங்கே விட்டுக்கொடுக்கும் இடமாக விளங்குகிறது. பிற்காலத்தில் எங்கோ மறைந்து கிடந்த இப்போர்வை, 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கண்டெடுக்கப்பட்டது. 1989 முதல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்து வருகிறது.

அமெரிக்காவில் வேறொரு வழக்கம் வேரூன்றிற்று. அங்கும் காகித முறை அறியப்பட்டதே எனினும், பெரும்பாலோர் அட்டையிலோ தகரத்திலோ வெட்டிய அச்சு ஒன்றைத் துணியின் பின்புறம் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தனர். அக்கோடே தையற்கோடு. கோட்டிற்கு வெளியே கண்ணளவில் கால் அங்குலம் விட்டு வெட்டினர். இரண்டு துண்டுகளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி குண்டூசி குத்தி, கோட்டின் மீதே ஓட்டுத்தையல் போட்டனர். இங்கும் சரியளவு பென்சில் கோட்டில் உள்ளதே அன்றி, ஓரத்தில் இல்லை.

கன்சாஸ் சிட்டி ஸ்டார் என்னும் செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை போர்வை மாதிரிகளை வெளியிட்டு வந்தது. பண்ணை வீட்டுப் பெண்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்துவைத்தனர். அம்மாதிரிகள் பல, தைத்து முடிந்த அளவிலேயே அச்சிடப்பட்டன. தையலுக்குத் துணி விட்டு வெட்டிக்கொள்க என்ற குறிப்பே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு விடுவது என்பது படிப்பவர்க்குத் தெரிந்த செய்தி எனக் கொள்ளப்பட்டது.

கால் அங்குலம் என்ற அளவு வழக்கில் நிலைத்ததற்குத் தக்க காரணங்கள் உள்ளன. அதனினும் குறைந்தால் இழை பிரிந்து தையல் விட்டுப்போகும். கூடினால் பின்புறம் தடித்துப்போகும். எட்டு முக்கோணங்களின் முனைகள் ஓரிடத்தில் கூடும் விண்மீன் வடிவத்தை எண்ணிப் பார்க்க. எட்டுத் துண்டுகளின் ஓரங்களும் அப்புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று குவியும். பஞ்சையும் சேர்த்து ஊடுருவித் தைக்க வேண்டிய ஊசி அங்கே முட்டி நிற்கும். ஆடைகளுக்கு அமெரிக்க அச்சு மாதிரிகள் விதிக்கும் ஓரமாகிய அரையே அரைக்கால் அங்குலத்தைப் போர்வைக்கு விட்டால், சிறு துண்டுகள் பலவற்றில் முன்புறத்தைவிடப் பின்புறத்தில் மறைவதே மிகுதியாகிவிடும்.

எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றனர். அடுத்த சில பத்தாண்டுகளில் இயந்திரம் வீடுகளுக்குள் நுழைந்தது. போர்வைக் கலையில் அது உடனே கையை வென்றுவிடவில்லை. எனினும் நீண்ட தையல்களுக்கு இயந்திரத்தை நாடியவர்கள் புதியதோர் உண்மையைக் கண்டனர். இயந்திரத்தில் தைப்பவரின் கண், ஊசியைப் பார்ப்பதைவிட, துணியின் விளிம்பு எங்கே ஓடுகிறது என்பதையே பார்க்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்போடு துணியின் விளிம்பை ஒட்டி ஓடவிட்டால் தையல் நேராக விழும். பென்சில் கோடு தேவையற்றதாயிற்று. அதன் இடத்தை விளிம்பு பிடித்துக்கொண்டது. அன்றே ஓரம் அளவுகோலாகத் தொடங்கிற்று எனலாம்.

ஆயின் பாதத்தின் அகலம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபட்டது. ஒருவர் தம் ஒரே இயந்திரத்தில் ஒரே பாதத்தைக்கொண்டு முழுப் போர்வையையும் தைத்தால் கேடில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் பிழைபட்டு ஒன்றோடொன்று பொருந்திவிடும். பலர் பல வீடுகளில் தைத்துக் கொணர்ந்த சதுரங்களை ஒன்றுசேர்க்கும்போதுதான் குறை வெளிப்படும். பாதம் தவறாக இருப்பின், ஊசிக்கு வலப்புறம் கால் அங்குலத் தொலைவில் தகட்டின் மீது ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வது எளிய வழியாயிற்று.

பலர் கை கூடிய போர்வை என்றதும் சிங்கப்பூரின் நினைவு எழாமற் போகாது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் நாள் ஐரோப்பியப் பெண்களும் சிறாரும் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைவரை வெயிலில் நடந்து சென்றனர். ஏறத்தாழ 400 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். அதே சிறையின் மறுபகுதியில் ஆண்கள் இருந்தனர். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஒரு சுவர். செய்தி செல்ல வழியில்லை.

அச்சிறையில் எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர், சிறுமியர்க்காகச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். எட்டு முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ இருபது சிறுமியர் அதில் இருந்தனர். அவர்கள் தம் தலைவியின் பிறந்தநாளுக்காக மறைவில் ஒரு போர்வை தைத்தனர். நடுவே ஓர் அறுகோணம், சுற்றிலும் ஆறு அறுகோணங்கள். இவ்வாறு மலர் மலராக அமைந்த போர்வை அது. துணி என்று கிடைத்தவை கந்தல்கள். நூல் கடையில் வாங்குவதற்கில்லை. பழைய உடைகளின் தையலைப் பிரித்து எடுத்த நூலே ஊசியில் ஏறிற்று. தத்தம் பெயரையும் அவர்கள் அதில் தைத்துவைத்தனர். அறுகோண மலர் பிழை பொறுக்காத வடிவமாகும். ஆறு பக்கங்களிலும் சிறிது சிறிதாகத் தையல் உள்தள்ளிப்போனால், சுற்றியுள்ள இதழ்கள் படியாமல் நடு மேலெழும்பும். வெளித்தள்ளிப்போனால் இறுதி இதழ் பொருந்தாது நிற்கும். பசித்த வயிற்றோடும் பழைய நூலோடும் அதனைப் படியவைத்த அச்சிறுமியரின் கைத்திறனைப் பிற்காலத்துக் குவில்ட் நூலாசிரியர் பலரும் பாராட்டக் கடமைப்பட்டவர்கள். அப்போர்வை இப்பொழுது இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சிறுமியரின் செயலே பெரியவர்க்கும் வழிகாட்டிற்று என்பர். கனடா நாட்டவரான எத்தல் மல்வனி என்பார் முன்னின்று தூண்ட, பெண்கள் ஒவ்வொருவரும் ஆறு அங்குலச் சதுரத் துணியில் தமக்குரிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலால் பொறித்துத் தந்தனர். அச்சதுரங்களைக் கொண்டு போர்வைகள் உருவாயின. பிரித்தானியர், ஆஸ்திரேலியர், சப்பானியர் ஆகியோரின் காயமுற்ற வீரர்க்கெனச் செய்த மூன்று போர்வைகள் இன்றும் உள்ளன. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். சப்பானியர்க்கும் ஒன்று செய்ததனால்தான் மற்றவை மருத்துவமனைக்குச் செல்ல இசைவு கிடைத்தது என்று கருதுவோர் உளர். போர்வை மருத்துவமனையை அடைந்தால், பெயரைக் கண்டு இன்னார் உயிரோடிருக்கிறார் என்று அறிவதற்கு வாய்ப்புண்டு. அத்தகைய சதுரத்தில் பூத்தையல் துணியின் விளிம்புவரை சென்றால், இணைக்கும் தையல் ஓர் எழுத்தையோ இலையையோ விழுங்கிவிடும். சொல்ல வந்தது முழுவதும் ஓரத்திற்கு உட்பட்டு அடங்க வேண்டும்.

போருக்குப்பின் சில காலம் அமெரிக்காவில் போர்வைக் கலை மங்கியிருந்தது. 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு ஓவியங்களைப் போலக் காட்சிக்கு வைத்தது. 1976இல் அந்நாடு தன் இருநூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, பாட்டிமாரின் கலைகளில் புத்தார்வம் பிறந்தது. இவ்வார்வம் பரவிய வேளையில் சப்பானிய ஒல்ஃபா நிறுவனம் 1979இல் வட்ட வடிவமான சுழல் கத்தியை வெளியிட்டது. ஒளி ஊடுருவும் அளவுகோலை வைத்து அதன் ஓரமாக இக்கத்தியை உருட்டினால், பல மடிப்புத் துணியும் ஒரே முறையில் வெட்டுப்படும்.

இக்கத்தி வந்தபின் அச்சு அட்டை மறைந்தது. அதனோடு தையற்கோடும் முற்றாக மறைந்தது. துணியை வெட்டும்போதே ஓரத்தையும் கூட்டி வெட்டிவிடுகிறார்கள். எங்கே தைப்பது என்பதைக் காட்டும் அடையாளம் துணியில் எதுவுமில்லை. கால் அங்குலம் என்ற நம்பிக்கை ஒன்றே எஞ்சிற்று. துல்லியமான தையல் ஓரம் பற்றிய கண்டிப்பு அனைத்தும் இக்காலத்தில் வலுப்பெற்றது இதனால்தான்.

கணக்கைப் பார்த்தால் கண்டிப்பின் நியாயம் விளங்கும். ஈரங்குல அளவில் முடியும் ஒன்பது துண்டுகளை ஒரு வரிசையாகத் தைத்தால் 18 அங்குலம் வர வேண்டும். அதற்கு எட்டு இணைப்புகள். ஓரம் கால் அங்குலத்தைவிட ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, மிகுந்துவிட்டது எனக் கொள்வோம். ஒவ்வோர் இணைப்பிலும் இரு துணிகளிலிருந்தும் வீசம் வீசமாக அரைக்கால் அங்குலம் குறையும். எட்டு இணைப்புகளில் ஒரு முழு அங்குலம் போய்விடும். அடுத்த வரிசை நான்கே துண்டுகளைக் கொண்டதாயின், அதில் மூன்று இணைப்புகளே உண்டு. குறைவது அங்குலத்தில் பாதியினும் சற்றுக் குறைவு. இரு வரிசைகளும் எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்தில் ஒன்று கூறலாம். பாதி, பாதியில் பாதி எனப் பிளந்து செல்லும் அங்குல அளவை, கால், அரைக்கால், வீசம் என்று எண்சுவடி மனனம் செய்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதில் கைவந்திருக்கும். முக்கோணங்களை வெட்டுவதற்குரிய விதி முக்காலே அரைக்கால் என்ற ஒரே பின்னத்தில் அடங்கிவிடுகிறது. சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்க வேண்டுமாயின், முடிந்த அளவோடு 7/8 அங்குலம் கூட்டிச் சதுரத்தை வெட்டுக என்பது அவ்விதி. செங்கோண முனையில் ஓரத்திற்குக் கால் அங்குலம் போதும். கூர்முனையிலோ சாய்ந்து வரும் பக்கத்தின் ஓரமும் நேர்ப்பக்கத்தின் ஓரமும் நெடுந்தொலைவு சென்று சந்திக்கின்றன, அங்கே 0.6036 அங்குலம் தேவைப்படும். இரண்டும் சேர்ந்து 0.8536. அளவுகோலில் அப்படி ஒரு கோடு இல்லாமையால், அதற்கடுத்த கோடாகிய 0.875, அதாவது 7/8, வழக்கிற்கு வந்தது. மிகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். விதியைச் சொல்லும் நூல்கள் பல இக்காரணத்தைச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது. காரணம் அறிந்தவர்க்கு விதி மறக்காது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. தைத்த ஓரத்தை ஒருபுறமாக மடித்துத் தேய்க்கும்போது, மடிப்பின் வளைவிலும் நூலின் தடிப்பிலும் துணி சிறிது செலவாகிறது. ஆகவே கால் அங்குலத்தினும் ஓரிரு நூலிழை குறைத்துத் தைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் கூறுவர். அளவுகோலை ஓரத்தின் மீது வைத்து அளப்பது இதனால் பயனற்றதாகிறது. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, அடுத்தடுத்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பார்க்க வேண்டும். அது சரியாக ஓரங்குலம் இருந்தால் ஓரம் சரி. மறைந்து நிற்பதை, வெளியே தெரிவதைக்கொண்டு சோதிக்கும் முறை இது.

அங்குலத்தின் நீளமே ஒருகாலத்தில் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்தது. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஆறு நாடுகள் அது 25.4 மில்லிமீட்டர் என உடன்பட்டன. அவ்வேறுபாடு எந்த ஊசிக்கும் எட்டாத அளவு சிறியது. தொல்லை தருவது மெட்ரிக் முறையோடு கலப்பதுதான். சப்பானியப் போர்வை நூல்கள் தையல் ஓரத்தை 7 மில்லிமீட்டர் எனக் கொள்வது வழக்கம். அங்குலக் கணக்கில் வெட்டிய துணியை அவ்வளவில் தைத்தால், முன்சொன்ன ஒன்பது துண்டு வரிசை 10 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தையல் நாடாவின் ஒருபுறம் அங்குலமும் மறுபுறம் செண்டிமீட்டரும் இருப்பதைக் காணும்போது, எந்தப் புறத்தில் தொடங்கினாரோ அந்தப் புறத்திலேயே முடிப்பது போர்வை தைப்பவர்க்கு நன்று.

அளவு பிசகாமையே இக்கலையின் முழுச் சிறப்பும் என்று கருதுவோர் அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் வட்டாரத்தை நோக்குதல் தகும். ஆற்று வளைவினுள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கருப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்து வந்தனர். உழைத்துக் கிழிந்த காற்சட்டை, மாவுச் சாக்கு, பழைய சீலை ஆகியவையே அவர்தம் துணி. அச்சும் இல்லை, அளவுகோலும் இல்லை. கண்ணுக்குச் சரியெனப்பட்ட இடத்தில் கத்தரி ஓடும். பட்டை குறுகினால் வேறொரு துண்டை ஒட்டி நீட்டுவர், நீண்டால் வெட்டிவிடுவர்.

1960களில் வாக்குரிமைக்காகப் பதிவு செய்துகொள்ள முயன்றமையால் அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பல, குடியிருந்த நிலத்தையும் வேலையையும் இழந்தன. மறுகரையிலிருந்த வட்டாரத் தலைநகருக்குச் செல்லும் படகுப் போக்குவரத்தும் 1962இல் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்க 2006 ஆயிற்று. இந்நிலையில் 1966இல் அப்பெண்கள் 'ஃபிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தனர். அவர்தம் போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்திற்குச் சென்றன. பெருங்கடைகள் வாங்க முன்வந்தன. ஆனால் கடைக்குத் தேவை ஒன்றுபோல் மற்றொன்று. பட்டியலில் குறித்த அளவும் வீட்டிற்கு வந்து சேரும் பொருளின் அளவும் மாறுபடலாகாது. கண்ணளவில் தைத்துப் பழகிய கைகள் தையல் ஓரத்தை அளந்து தைக்கக் கற்றுக்கொண்டன. தவறான ஓரம் என்பது அங்கே அழகுக் குறையன்று. திரும்பி வந்த பொருள், இழந்த கூலி. வாக்குச் சீட்டின் பொருட்டு வீட்டை இழந்தவர்களுக்கு அக்கூலி எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் என்னும் தடித்த வரித்துணியில் தலையணை உறைகள் தைத்துத் தருமாறு அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. உறைகள் யாவும் ஒரே அளவில், ஒரே ஓரத்தோடு தைக்கப்பட்டுக் கடைகளுக்குச் சென்றன. வெட்டி எஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். மாலை நேரத்தில் அத்துண்டுகளை அளக்காமல் தம் கண்போன போக்கில் இணைத்துத் தம் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்தனர். பொன்னிறமும் பசுமையும் செம்பழுப்பும் கலந்த அக்கார்டுராய்ப் போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டிறுதியில் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் ஏனைய ஜீஸ் பெண்ட் போர்வைகளோடு காட்சிக்கு வைக்கப்பட்டன.